விலை: ஒரு முழம் குடல்

அச்சகத்தில் அவளை எல்லோரும் 'நக்கலக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பணக்காரர்கள் நுழைகிற கடைகளுக்குக் காகிதப் பை வடிவமைப்பது அவள் வேலை. காலையெல்லாம் அவர்களுக்குத் தங்க மையில் கிரீடமும் சிங்கமும் வரைந்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் அதே தங்க எழுத்தில் பிய்ந்த செருப்புக்கும் கழிவறைத் துடைப்பத்துக்கும் விளம்பரம் போடுவாள். 'பரம்பரைப் பெருமைமிக்க பாத்திரம் தேய்க்கும் நார்' என்று சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்து முதலாளியே வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார்.

நாற்பத்திரண்டு வயதில் குடலில் கட்டி வந்தது. அறுத்தெடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு, மலம் வந்து சேர ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள்.

"மூணே மாசம். அப்புறம் தைச்சு மூடிடலாம்" என்றார் டாக்டர்.

பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டினாள். ஒருமுறை அச்சகத்திலேயே பை பிதுங்கி ஒழுகியது. யாரோ எழுந்துபோய் ஜன்னலை மட்டும் திறந்துவிட்டார்கள். அதோடு வேலைக்குப் போவதை நிறுத்தினாள்.

மூன்று மாதம் கழித்துப் படமெடுத்துப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இனிமே மூட முடியாதும்மா."

வீட்டுக்கு வந்து படுத்தவள் ஒன்பது நாள் எழவில்லை. பேருந்து ஓட்டும் கணவன் கெஞ்சிப் பார்த்தான், திட்டியும் பார்த்தான்.

"அப்பவே செத்துப் போயிருக்கலாம்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

பத்தாம் நாள் அவன் வேலை முடிந்து வந்தபோது அவள் மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். பழைய பட்டுத் துணியில் வயிற்றுப் பைக்கு ஓர் உறை தைத்திருந்தாள். அதன்மேல் தங்க மையில் கிரீடம், இரண்டு சிங்கம், நெளிநெளியாக எழுத்து: 'முழுக்க முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு. விலை: ஒரு முழம் குடல்.'

சிரிக்க வாயைத் திறந்தவன் தேம்பிவிட்டான்.

"அழுறதுக்கா போட்டேன்? சிரியேன்யா."

"முடியல."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் முடியல."

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. உறையைச் சட்டைக்கு மேலேயே தெரியும்படி மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். கீழ்வீட்டுக்காரி எதிரே வந்தாள்.

"அட, புதுப் பையா? எவ்வளவுங்க?"

"எழுதியிருக்கு, படிங்க."

குனிந்து படித்தவள் பக்கென்று சிரித்துவிட்டு, விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, மன்னிச்சுக்குங்க!"

"பரவால்ல, சிரிங்க" என்றாள் இவள். சொல்லும்போதே படியில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் வந்துதான் தூக்கிக்கொண்டு போனான்.

அச்சகத்துக்கு அவள் திரும்பப் போகவே இல்லை. முதலாளி வீட்டுக்கே வேலை அனுப்புகிறார். சில நாள் செய்துகொடுக்கிறாள். சில நாள் போர்வையை விட்டு வெளியே வருவதில்லை.