ஒல்லிப் பலகையும் என் சகலையும்

மணாலியில் பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு எடுத்தபோது என் சகலை நியாயமாகத்தான் பேசினார். "அகலமானத நீங்க எடுங்க, ஒல்லிய நான் எடுக்கிறேன். மத்தியானம் மாத்திக்கிருவோம்."

காலையில் பனி பாறையாக இறுகிக் கிடந்தது. ஒல்லிப் பலகை அதைக் கவ்விப் பிடித்து, அவர் நினைத்த பக்கமெல்லாம் திரும்பியது. நான் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தேன். மத்தியானம் மாற்றிக்கொண்டோம். அதற்குள் வெயிலில் பனி இளகியிருந்தது. ஒல்லிப் பலகை என்னோடு புதைந்து நின்றது. அவர் அகலப் பலகையில் மிதந்து போனார். போன வருடமே வந்து அந்தப் பனியின் குணத்தைத் தெரிந்துகொண்டு போனவர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் பொன்னமராவதி டீக்கடையில் அளந்தார்: "எனக்கு எந்தப் பலகையும் ஒண்ணுதாங்க. சகலைக்குத்தான் எதுவுமே ஒத்துவரல."

அந்த டீயையும் நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன்.