நிற்பதற்கு ஒரு பைக்

பைக் வாங்குவது என்று முடிவானதும் என் கணவர் மலைப்பாதை வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். நான், மூலக்குளத்திலிருந்து மகளின் பள்ளிக்கூடம் வரை ஸ்கூட்டரில் போகும்போது எத்தனை முறை காலை ஊன்றுகிறேன் என்று எண்ணினேன். முப்பத்தொன்று. சந்தேகம் வந்து மறுநாளும் எண்ணினேன். முப்பத்து நான்கு.

காரணம் இருந்தது. முந்தின மாதம் எங்கள் தெருவில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் ஸ்கூட்டரின் குட்டிச் சக்கரம் இறங்கி, நானும் மகளும் மெதுவாக, மிகவும் மரியாதையாக, சாய்ந்து விழுந்தோம். அடிபட்டது தயிர்சாதத்துக்கு மட்டும். அவள் சிரித்தாள். நான் மூன்று நாள் தூங்கவில்லை. பெரிய சக்கரம் வேண்டும், ஆகவே பைக்; கியர் வண்டி கல்லூரி நாளிலேயே பழகியதுதான். கணவர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவார். வாரத்தில் ஆறு நாள் அதை ஓட்டப்போவது நான், பின்னால் ஐந்து வயதுக் குழந்தை. மறுபடி விழக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவருக்கு வேண்டியது முன்னூற்றைம்பது சிசி.

"ஹைவேல எண்பதுல போனாலும் ஆடாது, தெரியுமா?"

"நாம எப்பங்க ஹைவேல போறோம்?"

"போவோம்ல."

போன வருடம் நாங்கள் போன மிக நீண்ட பயணம், பிள்ளைச்சாவடியில் ஒரு ஞானஸ்நான விருந்து. அதுவும் ஆட்டோவில்.

ஷோரூமில் விற்பனையாளர் அவரிடமே பேசினார். "ஓட்டப்போறது நான்" என்றேன். "ஓகே மேடம்" என்று சொல்லிவிட்டு மைலேஜை மறுபடி அவருக்கே விளக்கினார்.

பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சீட் தாழ்வு, இரண்டு காலும் நன்றாக எட்டின. இதுவே போதுமோ, அவர் ஆசையை ஏன் கெடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தியபோது, தூங்குகிற எருமையை எழுப்புவது போல இருந்தது. நிமிர்ந்ததும் மறுபக்கம் சாயப் பார்த்தது. இரண்டு ஆண்களும் ஓடிவந்து பிடித்தார்கள்.

"ஓட ஆரம்பிச்சா வெயிட்டே தெரியாது மேடம்."

"நிக்கும்போது?"

"நிக்கும்போது... நிக்கும் மேடம்."

டவுனுக்குள் முக்குக்கு முக்கு குறுக்குத்தெரு. யார் எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று தெரியாது. "நான் ஓட்டறதவிட நிக்கறதுதாங்க அதிகம்" என்றேன். கணவர் பெரிய வண்டியின் டேங்க்கை ஒருமுறை தடவினார்.

பக்கத்தில் ஒரு நூற்றிருபத்தைந்து சிசி நின்றது. அதன் எடை பெரியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், கிளட்சும் லேசு. இரண்டையும் ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். "அது உறுமுதும்மா. இது தும்முது" என்றாள் மகள்.

சின்னதை ஓட்டிப் பார்க்கக் கேட்டேன்; குழந்தையை ஏற்றக்கூடாதென்றார்கள். எனக்கும் மனமில்லை. மகளை ரிசப்ஷன் பெண்ணிடம் விட்டுவிட்டு, பதிலுக்குக் கணவரை ஏற்றினேன். எழுபத்தெட்டு கிலோ. அவரைத் தாங்கிவிட்டால் பிள்ளையும் புத்தகப் பையும் ஒன்றுமே இல்லை.

முதல் முக்கிலேயே ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று திரும்பியது. பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன். வண்டி அசையாமல் நின்றது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால், அவருடைய இரண்டு காலும் தரையில்.

"இன்னாங்க இது?"

"தானா வந்துடுச்சும்மா."

"கால எடுங்க."

"நடு ரோட்லயா?"

ஓரமாக டீக்கடைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் "மாதாவே" என்று கண்ணை மூடிக்கொண்டு கால்களைத் தூக்கி ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தார்.

"யாருப்பா யாருக்குக் கத்துக்குடுக்கறது?" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்தவர்.

நான் திரும்பவில்லை. வண்டியை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து நிமிர்த்தினேன். வலப்பக்கம் சாய்த்து நிமிர்த்தினேன். வண்டி விழவில்லை.

"இறங்கட்டுமா?"

"இருங்க, அந்தப் பக்கம் சரியா பாக்கல. இன்னும் ஒரு வாட்டி."

"வேணாம்மா, இதையே எடுத்துக்கலாம்" என்றார், கண்ணைத் திறக்காமலே.