முகம் பார்த்து முகர்பவள்

கதவைத் திறந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், முகவாயைச் சற்றுத் தூக்கி இரண்டு முறை மூச்சை உள்ளே இழுக்கிறாள். அடுப்பில் பால் தீய்ந்ததா, குளியலறையில் பினாயில் ஊற்றினார்களா, மகள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டாளா என்பதெல்லாம் அந்த இரண்டு இழுப்பில் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். நம்பக் காரணம் உண்டு. கணவர் ஒளிந்து சிகரெட் பிடித்துவந்த காலத்தில் அவர் படியேறும்போதே பிடித்தவள். "உங்கம்மாவுக்கு இருக்கிறது மூக்கு இல்ல, போலீஸ்" என்று அவர் மகளிடம் இன்றைக்கும் சொல்வார்.

அந்த மூக்கு போன வருடம் ஒரு காய்ச்சலோடு செத்துப்போனது. காய்ச்சல் விட்டது, நாக்குக்கு உப்பும் புளிப்பும் திரும்பின, வாசனை மட்டும் வரவில்லை. இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனாலும் கதவருகே அந்த இரண்டு இழுப்பையும் அவள் விடவில்லை. விட்டால் ஏன் என்று கேட்பார்களே.

நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் அவள் கெமிஸ்ட். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்துவந்து சோதிப்பது பாதி வேலை. மீதி வேலை தொட்டிகளுக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் அங்கே விஷவாயு இருக்கிறதா என்று பார்ப்பது. முகத்துக்கு நேரே அவளை அக்கா என்று கூப்பிடும் பம்ப் ஆட்கள், முதுகுக்குப் பின்னால் மோப்பக்கா என்கிறார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். முன்பெல்லாம் அதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

வேதியியலுக்கே அவளை இழுத்துக்கொண்டு போனது மூக்குதான். கல்லூரி ஆய்வகத்தில் எல்லோரும் சோதனைக் குழாயும் சுடருமாகப் போராடிக்கொண்டிருக்க, இவள் கையால் விசிறி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு விடையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வாள். கூடப் படித்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். ஒருத்தி பெயிண்ட் கம்பெனியில் நாள் முழுக்க நீலத்துக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் பார்க்கிறாள். ஒருவன் மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரையை இடித்துச் சோதிக்கிறான். இன்னொருத்தி போலீஸ் ஆய்வகத்தில் இரத்தக் கறையோடு குடித்தனம் நடத்துகிறாள். இவளுக்கு வாசனைத் திரவியம் செய்யும் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. குழந்தை வயிற்றில் இருந்தது, வீட்டுக்குப் பக்கத்தில் வேலை வேண்டும் என்று இங்கே வந்து சேர்ந்தாள். "செண்டு கம்பெனிக்குப் போக வேண்டிய மூக்கு சாக்கடைக்கு வந்துடுச்சு. ஆனா செண்டு தப்பாப் போனா யாரும் சாகமாட்டாங்க பாருங்க" என்பாள், தன் பிழைப்பைப் பற்றி யாராவது கேட்டால்.

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் அவள் தவறாமல் சொல்லும் ஒன்று உண்டு. தொட்டியில் சேரும் வாயு அழுகிய முட்டை போல நாறும். கொஞ்சமாக இருக்கும்வரைதான் நாற்றம். அளவு மீறினால் அது முதலில் மூக்கைக் கொன்றுவிடும், பிறகுதான் ஆளை. "நாத்தம் அடிச்சா நகர்ந்து வா. அடிச்ச நாத்தம் திடீர்னு நின்னுச்சுன்னா ஓடி வா." அதனால்தான் மூக்கை நம்பி யாரும் இறங்கக் கூடாது, இடுப்பில் தொங்கும் வாயு மீட்டர்தான் பேச வேண்டும். மீட்டர் இருக்கும்போது என் மூக்கு எதற்கு என்று அவள் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டதும் இதை வைத்துத்தான். ஆனால் ஆட்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை. அது கத்தாமல் இருந்தாலும் அவள் முகவாய் உயர்வதையும், இரண்டு இழுப்பையும், தலையசைப்பையும் பார்த்த பிறகே ஏணியில் கால் வைக்கிறார்கள். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைக்கிறாள். சொன்னால் மூக்கில்லாத கெமிஸ்ட்டை இங்கே எதற்கு வைத்திருப்பார்கள் என்ற பயத்தில் தினமும் விழுங்கிவிடுகிறாள்.

இந்த ஒரு வருடத்தில் அவள் ஒரு புது வித்தை கற்றுக்கொண்டாள். வாசனையை அடுத்தவர் முகத்தில் பார்க்கிறாள். கணவரின் புருவம் அடுப்புப் பக்கம் திரும்பினால் பால். மகள் மூக்கைச் சுளித்தால் குப்பை வாளி. பேருந்தில் எதிரே இருப்பவர் கைக்குட்டையை எடுத்தால் தன் சட்டையில் இன்னும் தொட்டி ஒட்டியிருக்கிறது. சுளித்த முகம் சரியானால் நாற்றம் போய்விட்டது, நிம்மதி. வீட்டைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு இதுவரை தப்பவில்லை.

மகள் பள்ளியை முடித்துவிட்டாள். அம்மா படித்ததையே படிக்கப்போகிறேன் என்று நிற்கிறாள். "கெமிஸ்ட்ரி படிச்சா என்னென்ன வேலைக்குப் போலாம்மா?" என்று ஒரு மாலை கேட்டாள். இவள் பெயிண்ட், மருந்து, போலீஸ் ஆய்வகம் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீரைச் சொல்லவில்லை.

"உன் வேலைய விட்டுட்டியே."

"அது எதுக்கு உனக்கு?"

"ஏம்மா, அங்க பயமா இருக்குமா?"

"போய் அடுப்பைப் பாரு, பால் வெச்சேன்" என்றாள். பால் அதற்குள் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. மகள் ஒரு நிமிடம் பாத்திரத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இவள் அவசரமாக அடுப்பை அணைத்தாள்.

போன வாரம் மீட்டர் பழுதுபார்க்கப் போயிருந்தது. மாற்று மீட்டரை இன்னொரு குழு ஊரின் மறுகோடிக்கு எடுத்துப்போயிருந்தது. அன்றைக்கென்று பார்த்து ஒரு தொட்டியில் பம்ப்பில் துணி அடைத்துக்கொண்டது, தண்ணீர் ஏற ஆரம்பித்தது. மீட்டருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன், அது வரும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று அவள் சொன்னாள். பொறியாளர் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, "அதுக்குள்ள தண்ணி ரோட்டுக்கு வந்துடும் மேடம். மூடியைத் திறந்து சும்மா ஒரு பார்வை பாருங்க" என்றார்.

மூடியைத் திறந்தார்கள். அவள் பக்கத்தில் போனாள். பழக்கதோஷம், முகவாய் தானாக உயர்ந்தது, இரண்டு இழுப்பு இழுத்தாள். இழுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. எதிரே பம்ப் ஆள் ஒட்டடை நின்றான். ஆள் ஒல்லி, உயரம், எந்த இடுக்கிலும் நுழைவான் என்பதால் வந்த பெயர். அவன் குனிந்து எட்டிப் பார்த்து முகத்தை அஷ்டகோணலாக்கினான்.

"அப்பா, குடலைப் புடுங்குதுக்கா."

"தள்ளி நில்லு."

அவன் தள்ளவில்லை. நாலு மூச்சு விட்டிருப்பான். கோணிய முகம் மெல்லச் சரியானது. நெற்றிச் சுருக்கம் போய், கழுவித் துடைத்தது போல ஆகிவிட்டது.

"போயிடுச்சுக்கா. காத்துல கலைஞ்சிடுச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல."

சரியான முகம். நிம்மதி. ஒரு வருடப் பழக்கத்தில் அவள் கழுத்து தலையசைக்கக்கூடத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் தன் வெள்ளைக் கோட்டின் நுனியைப் பார்த்தாள். அது அசையவில்லை. காற்றே இல்லை. கலைத்துக்கொண்டு போக எதுவும் வரவில்லை என்றால் நாற்றம் எங்கே போகும்?

ஒட்டடை ஏணியில் இறங்க ஆரம்பித்திருந்தான். தலையும் தோளும்தான் வெளியே தெரிந்தன. அவள் மண்டியிட்டு விழுந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். பொத்தான் தெறித்தது. எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, அவனை மேலே இழுத்து, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டே வெகு தூரம் போய்விட்டாள்.

பொறியாளர் ஓடி வந்தார். "என்ன மேடம் இது? நீங்கதானே மோந்து பாத்தீங்க?"

"எனக்கு மூக்கு செத்து ஒரு வருஷம் ஆச்சு சார். பால் கருகினாக்கூடத் தெரியாது. நான் சும்மா இழுத்தேன்" என்றாள். சத்தமாகவே சொன்னாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

மாற்று மீட்டர் வந்தது. கயிற்றில் கட்டி ஒருவன் அதை எட்ட நின்று தொட்டிக்குள் விட்டான். ஏணியின் இரண்டாவது படியைத் தாண்டுவதற்குள் அது அலறத் தொடங்கியது. மேலே இழுத்த பிறகும் நெடுநேரம் அலறிக்கொண்டிருந்தது.

ஒட்டடை தரையில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்து, தலை வலிக்கிறது என்று முனகினான். இருமலுக்கு நடுவே கழுத்தைத் தடவிப் பார்த்து, "அக்கா, காலரை விடுங்க, அதான் மேல வந்துட்டேன்ல" என்றான்.

அவள் அதைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.