நெட்டில் விழுந்த சர்வீஸ்

என் அப்பா தேவசகாயம் நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டினார். மாலையில் வாலிபால். நாற்பத்து மூன்று வயதிலும் ஊர் டீமுக்கு அவர்தான் கேப்டன்.

2008 பொங்கலுக்குச் சிதம்பரத்தில் டோர்னமெண்ட். ஃபைனலில் ஐந்தாவது செட். எதிர் டீம் பதினான்கு, நாங்கள் பதின்மூன்று. அப்பாவின் சர்வீஸ் நெட்டில் விழுந்தது. கோப்பை போயிற்று.

அன்று காலை பஸ் ஸ்டாண்டில் எதிர் டீம் கேப்டன் சுப்பராயலுவோடு அவர் டீ குடித்ததை யாரோ பார்த்திருந்தார்கள். இருபது வருடப் பழக்கம். காசு வாங்கிக்கொண்டு மேட்சை விட்டுவிட்டார் என்று கமிட்டி ஒரு வருடத் தடை போட்டது.

ஊர் கொதித்தது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வரை பேனர் கட்டினார்கள். ‘எங்கள் கேப்டனைத் தொடாதே.’ கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய படம். ஓரத்தில் அம்மாவின் தோள் மிச்சம் இருந்தது. அதுவரை விஷயம் தெரியாதவர்கள்கூட பஸ்ஸில் போகும்போது படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

பேனர் கட்டிய கதிரவன் வீட்டுக்கு வந்தான். டீமில் அப்பாவுக்கு அடுத்த ஆள்.

“மாமா, நீங்க வாங்குனீங்களோ வாங்கலையோ, நாங்க உங்க பக்கந்தான்.”

“வாங்கலடா.”

“அட, அத யாரு மாமா கேட்டா? அடுத்த தடவ எங்களுக்கும் பிரியாணி போட்டுடுங்க.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்போது நான் சிதம்பரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம். மறுநாள் என்னை பஸ் ஏற்றிவிட வந்த அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“நீயாவது நம்புறியா பாப்பா?”

“மேட்ச் எடுத்த வீடியோக்காரரு சிடி தரேன்னிருக்காரு. பாத்துட்டு சொல்றேன்பா.”

“சரி. பாத்துட்டே சொல்லு.”

கையை எடுத்துக்கொண்டார். பஸ் கிளம்பியது. அதன்பிறகு அவர் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை, சிடி வரட்டும் என்றிருந்தேன்.

ஆறாம் நாள், ஆலை வாசலில் லோடோடு வரிசையில் நின்றபோது சீட்டிலேயே மாரடைப்பு. வரிசை நகர்ந்தும் அவர் வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துவிட்டுத்தான் இறங்கி வந்து பார்த்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் டீம் முழுக்க நின்றது. கதிரவன் அழுதான்.

“வாங்குனாரோ வாங்கலையோ, தங்கமான மனுஷன்.”

“வாங்கல,” என்றேன்.

அவன் என் தோளைத் தட்டினான். “அதெல்லாம் இப்ப எதுக்கும்மா.”

சிடி அடக்கத்துக்கு முந்தின நாளே வந்திருந்தது. உறை பிரிக்காமல் என் பையில் இருந்தது.