டீச்சரம்மா வீட்டுத் தளமும் என் வாயும்

கல்லறைத் தோட்டத்து கேட்டைத் தாண்டி நூறு அடி நடந்த பிறகுதான் கையில் சுண்ணாம்பு பிரஷ் இருப்பதைப் பார்த்தேன். அது நான் வேலை பார்த்த வீட்டு டீச்சரம்மாவுடையது. திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். ஆனால் அங்கே, தங்கள் அப்பா அம்மா கல்லறையைச் சுற்றி அவரும் அவர் தம்பியும், செல்போனுக்குள் அவர்கள் அண்ணனுமாகச் சேர்ந்து என்னைத் திட்டி முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிரஷ்ஷோடு நடந்தேன். அது வழி நெடுகச் சொட்டிக்கொண்டே வந்தது. யாராவது என்னைத் தேடி வந்தால் தடம் பிடிக்க வசதியாக இருந்திருக்கும். யாரும் வரவில்லை.

பிள்ளைச்சாவடியில் வலைக் கொட்டகையில் படுக்க இடம் தரும் சிநேகிதன் ஒருவன் உண்டு. நடந்தால் ஒன்றரை மணி நேரம். சட்டை முழுக்கச் சுண்ணாம்பாக இருந்ததால் பஸ்ஸைப் பற்றி நினைக்கவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று யோசித்துக்கொண்டே வடக்கே போனேன்.

நான் எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன். அதற்கப்புறம் பார்க்காத வேலை குறைவு. கடைசியாக சேதராப்பட்டில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் இருந்தேன். இடது கைச் சுண்டுவிரலின் நுனி அங்கே மிஷினோடு போயிற்று. கட்டுப் பிரித்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு முத்தியால்பேட்டையில் ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தேன். ஒரு பழைய வீட்டின் முன்கட்டுத் தளத்தைப் பிரித்துவிட்டுப் புதுத் தளம் போட வேண்டும். நான் கலவை போட்ட அழகை மேஸ்திரி இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்தார்.

"டேய், ஒனக்குக் கை வேல வராது. ஆனா வாயி நல்லா ஓடுது. நாளையிலேர்ந்து நீ பேசற வேலைய பாரு."

"யாருகிட்ட?"

"வூட்டுக்காரங்ககிட்ட. மூணு பேரு, மூணு பேச்சு. போனு அடிச்சிக்கினே கீது. நான் கரண்டிய புடிப்பனா, போன புடிப்பனா?"

பெரிய கம்பெனிகளில் இந்த வேலைக்கென்றே டை கட்டிய ஆட்களை வைத்திருப்பார்களாம். மேஸ்திரிக்கு நான் கிடைத்தேன்.

வீடு மூன்று பேர் பேரில் இருந்தது. மூத்தவர் பிரான்சில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அடுத்தவர் டீச்சரம்மா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, கல்யாணம் செய்துகொள்ளாமல் முன்கட்டில் தனியாக இருந்தார். தம்பிக்குப் பின்கட்டு. அதே தெருவில் ஸ்கூட்டர் ஒர்க்ஷாப் வைத்திருந்தார்.

சொல்தாவுக்கு அப்பா காலத்துத் தளம் அப்படியே வேண்டும்: தேக்குத் தூலம், அதன்மேல் செங்குத்தாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு. தம்பிக்கு காங்கிரீட் வேண்டும். மேலே ஒரு மாடி எழுப்பி மகனைக் குடிவைக்க வேண்டும். டீச்சரம்மாவுக்குத் தலைக்கு மேலே ஏதாவது ஒன்று இருந்தால் போதும். பழைய தளத்தைப் பிரித்த நாளிலிருந்து அவர் ஒரு தார்ப்பாயின் கீழேதான் படுத்தார். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை முடியும்வரை தெரிந்தவர்கள் வீட்டில் போய் இருக்கலாமே என்று கேட்டேன்.

"போவலாம்பா. திரும்பி வந்தா பின்கட்டுக்காரன் கதவ தொறக்கணுமே" என்றார்.

அக்காவும் தம்பியும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. சொல்தா லீவில் வந்தபோது கொண்டுவந்த ஒரு சென்ட் பாட்டில் யாருக்கு என்பதில் சண்டை ஆரம்பித்ததாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். அந்த பாட்டிலை நான் பார்த்திருக்கிறேன். டீச்சரம்மா அலமாரியில் மூடி திறக்காமலேயே இருந்தது.

முதல் வாரம், அவரவர் சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதுதான் முறை என்று நினைத்தேன். டீச்சரம்மா முற்றத்தில் நின்றுகொண்டு, ஆறடி தள்ளி நிற்கும் தம்பியைப் பார்க்காமல் என்னிடம் சொல்வார்:

"அவங்கிட்ட சொல்லு, ஆயில் டப்பாவ என் கொழாகிட்ட வெக்க வேணாம்னு."

நான் ஆறடி நடந்துபோய், "சார், ஆயில் டப்பாவ கொழாகிட்ட வெக்க வேணாமாம்" என்பேன். அவர் முதல் தடவையாகக் கேட்பதுபோல் முழுவதையும் கேட்டுவிட்டு, "கொழா போட்டது யாருன்னு கேளு" என்பார். நான் ஆறடி திரும்பி நடப்பேன். அந்த வாரம் அந்த முற்றத்திலேயே நான் நடந்ததை நீட்டிப் போட்டால் பிள்ளைச்சாவடிக்குப் போய் வந்துவிடலாம்.

சொல்தா நான் மத்தியானச் சோற்றில் கை வைக்கும்போது வீடியோவில் வருவார். அவருக்கு அங்கே அது காபி நேரம். அவரை ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் 'முசே' என்று கூப்பிட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிக் கொடுத்திருந்தார்.

"பொன்ழூர். தூலம் வந்துச்சா?"

"இன்னும் இல்ல முசே."

"ஏன்?"

"தம்பி சார் காங்கிரீட்டுன்றாரு முசே."

"நோன்! அப்பா வூட்ட லாட்ஜி மாதிரி ஆக்கிடுவான். நோன்னு சொல்லு அவங்கிட்ட."

நான் போய் "நோன்" என்பேன். அன்றைக்கு மேஸ்திரி ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். இப்படியே நாட்கள் போயின.

ஐப்பசியின் முதல் மழை ஒரு விடியற்காலையில் அடித்தது. தளவாடத்துக்குக் காவலாக அதே வீட்டு வாசலில் சிமெண்ட் மூட்டைமேல் படுத்திருந்தேன். எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். தார்ப்பாய் ஒரு மூலையில் கிழிந்து தண்ணீர் கட்டில்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. டீச்சரம்மா கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மடியில் பேப்பரை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"டீ குடிச்சியா?" என்று என்னைக் கேட்டார்.

அன்றிலிருந்துதான் நான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். அவர்மேல் இரக்கம் பாதி. ஆறடி நடந்து நடந்து வந்த அலுப்பு பாதி. சோற்று நேரத்தில் சொல்தாவிடம், தேக்குத் தூலம் வந்து இறங்கிவிட்டது என்றேன். தம்பியிடம், அண்ணன் காங்கிரீட்டுக்கும் மாடிக்கும் சரி சொல்லிவிட்டார் என்றேன். டீச்சரம்மாவிடம், மூன்று பேரும் ஒரே மனதாக இருக்கிறார்கள் என்றேன். அவர் என்னை ஒரு தப்புக் கணக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மேஸ்திரியிடம் அதையே சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நெசமாவா?"

"நெசமா."

"பாத்தியா, வாயி இருந்தா பொழச்சிக்கலாம்னு நான் சொல்லல?"

மறுநாளே காங்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடிக்க ஆரம்பித்தார்கள்.

சொல்தா தினம் ஒரு போட்டோ கேட்டார். பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் இருக்கும் ஒயிட் டவுனில் ஏதோ ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து உள்ளே போய்த் தூலங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். "பியான், பியான், நல்லாருக்கு" என்று அவர் கண் கலங்கினார். ஒரு படத்தில் ஓரமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"யாரது?"

"இஞ்சினியரு முசே."

"பிரான்சுக்காரியா?"

"அப்பிடித்தான் நெனைக்கிறேன்."

அதற்கப்புறம் அவர் வேலையைப் பற்றிக் கேள்வியே கேட்கவில்லை.

இரண்டு வாரம் அந்த வீட்டில் சண்டை இல்லை. என் கணக்கு இதுதான்: அக்காவும் தம்பியும் பேச மாட்டார்கள். தம்பிக்கும் சொல்தாவுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு சரி. டீச்சரம்மா சொல்தாவிடம் பேசினால் முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசுவார். நான் மூன்று பேருக்கும் சொன்ன மூன்று சேதிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வழியே இல்லை.

கிறிஸ்தவர்கள் செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு மறுநாள் காங்கிரீட்; மிஷினுக்கும் ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. டீச்சரம்மா என்னைக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வரச் சொன்னார். தம்பி தனியாகக் கூப்பிட்டு, பூக்கூடை தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். இரண்டும் ஒரே கல்லறைதானே என்று இரண்டுக்கும் சரி என்றேன்.

சுண்ணாம்பு அடித்து முடித்தபோது சாயங்காலமாகியிருந்தது. தோட்டம் முழுக்க மெழுகுவத்தி, சாமந்தி, சாம்பிராணிப் புகை. தம்பி வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்னாடா இப்பிடி எளச்சிட்ட?" என்றார் டீச்சரம்மா.

"சுகர்க்கா" என்றார் தம்பி.

என் கையில் இருந்த பக்கெட் நழுவியது. டீச்சரம்மா திரும்பிப் பார்த்து, "இங்க பேசுவோம்பா. கல்லறைக்கு வர்றப்ப சண்டைய கேட்டுக்கு வெளிய வெச்சிட்டு வரணும்னு அப்பா சொல்லிட்டுப் போயிட்டாரு" என்றார். வருடத்துக்கு ஒரு நாள், அந்தக் கேட்டுக்குள்ளே மட்டும். ஒரு வருடப் பேச்சையும் அங்கேயே பேசி முடித்துவிட்டுப் போவார்களாம். இரண்டு மாதம் அந்த வீட்டு வாசலில் படுத்துக் கிடந்த என்னிடம் இதை ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தம்பி போனைக் கல்லறைமேல் சாய்த்து வைத்தார். சொல்தா கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். மூன்று பேரும் சேர்ந்து ஜெபம் சொன்னார்கள். நானும் மனதுக்குள் ஒன்று சொன்னேன். அது கேட்கப்படவில்லை.

"அப்பறம், தூலமெல்லாம் பாத்தியாம்மா? அப்பா பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்றார் சொல்தா.

"எந்தத் தூலம்?"

"தேக்கு. அந்த மதாம் இஞ்சினியரு நல்லா செய்யறா."

"எந்த மதாமு? நாளைக்கு காங்கிரீட்டுண்ணே. நீதானே மாடி கட்டிக்கன்னு சொன்ன?" என்றார் தம்பி.

"நானா? மாடியா?"

மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். போனில் இருந்தவருக்குத் தெரியட்டும் என்று தம்பி போனையும் என் பக்கம் திருப்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒயிட் டவுன் வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்ததுவரை சொன்னேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள்கூட ஜெபத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"நிறுத்து. நாளைக்கு வேல நடக்கக் கூடாது" என்றார் சொல்தா.

"அப்ப மழைக்கு நான் எங்க போறது?" என்றார் டீச்சரம்மா.

"ஒரு மாசம் பொறுத்துக்கம்மா. நல்ல மரமா…"

டீச்சரம்மா தம்பி கையிலிருந்து போனை வாங்கிக் கல்லறைக் கல்லுக்கு நேரே திருப்பிப் பிடித்தார். "எங்கிட்ட சொல்லாதண்ணே. ஒங்க பொண்ணு இன்னும் ஒரு மாசம் கொட புடிச்சிக்கினு ஒக்காரட்டும்னு அப்பா அம்மாகிட்ட சொல்லு."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு சொல்தாவின் குரல் மெல்ல வந்தது. "காங்கிரீட்டே ஊத்தட்டும். ஆனா மாடி வேணாம். மாடிக்குன்னு கம்பி மேல நீட்டிக்கினு இருக்கக் கூடாது."

"அண்ணே, ரெண்டே ரெண்டு கம்பி…" என்றார் தம்பி. டீச்சரம்மா போனை அப்படியே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். தம்பி கல்லறையைப் பார்த்தார். "சரி, வெட்டிடச் சொல்றேன்" என்றார்.

மிச்சம் இருந்தது நான். அந்த விஷயத்தில் வாக்குவாதமே எழவில்லை. மூன்று பேரும் ஒரே குரலில், இனிமேல் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். அவர்களை ஒரே மனதாக்கிவிட்டதாக நான் சொன்ன பொய் அந்த நிமிடத்தில் உண்மையாகிவிட்டது. அதை அப்போது சொல்லிக் காட்டியிருந்தால் பக்கெட்டாலேயே அடித்திருப்பார்கள்.

மறுநாள் காலையில் முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம், கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் போய் நின்றேன். காய்ந்துபோன பிரஷ்ஷை இடுப்பில் செருகியிருந்தேன். ஒரு காங்கிரீட் கோஷ்டியின் தலைவி டெம்போவில் வந்து இறங்கினார்.

"ஒரு ஆளு கொறையுது. கலவச் சட்டி ஏந்துவியா?"

"ஏந்துவேன்க்கா."

"வெரலு இன்னா ஆச்சி?"

"மிஷின்ல போச்சி."

"பேசுவியா? எங்கிட்ட சட்டி ஏந்துறவன் பேசக் கூடாது. பேசனா கைய பாக்க மாட்டான், ஜல்லி கால்ல வுழும்."

"இனிமே பேச மாட்டேன்" என்றேன்.

டெம்போ இரண்டு தெரு திரும்பி எங்கே நிற்கும் என்பது எனக்கு முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. மேஸ்திரி என்னைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனால் ஆள் குறைந்தால் சட்டி கைமாறும் சங்கிலி அறுந்துபோகும். கோஷ்டித் தலைவியிடம் வாதாடவும் அவருக்குத் தைரியம் இல்லை. பிரஷ்ஷைக் குழாயடியில் வைத்துவிட்டு முற்றத்தில் என் இடத்தில் நின்றேன். கலவை மிஷின் உறும ஆரம்பித்தது. கீழே இருந்து வரும் சட்டியை வாங்கி, ஏணியில் நிற்பவரிடம் கொடுக்க வேண்டும்.

பாதித் தளம் போட்டிருப்போம். தண்ணீர் நின்றது.

டீச்சரம்மா முன்கட்டு வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "கலவைக்குத் தண்ணி இல்லியாம். மோட்டார போடச் சொல்லு அவங்கிட்ட."

ஆறடி தள்ளித் தம்பி நின்றார். "கரண்டு இல்லன்னு சொல்லு. ஒர்க்ஷாப் ஜெனரேட்டர்லேர்ந்து ஒயரு இழுக்கறேன். அந்த ரூமு வழியாத்தான் மோட்டாருக்கு ஒயரு வரணும், ஜன்னல தொறந்து வுடச் சொல்லு."

நான் என் கையில் இருந்த சட்டியை ஏணிக்குக் கொடுத்தேன்.

"சொல்லுபா" என்றார் டீச்சரம்மா.

"கீழ யாருடா பேச்சு?" என்று மேலேயிருந்து தலைவியின் குரல் வந்தது.

நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி வானத்தைப் பார்த்தார். கிழக்கே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. டீச்சரம்மாவும் பார்த்தார். பிறகு உள்ளே போனார். ஜன்னல் தாழ்ப்பாள் கிறீச்சிட்டுத் திறந்தது. தம்பி ஒயரைச் சுருட்டி உள்ளே எறிந்தார். உள்ளேயிருந்து ஒரு கை அதைப் பிடித்து இழுத்துக்கொண்டது.

மோட்டார் ஓடியது. அடுத்த சட்டி வந்தது. வாங்கி மேலே கொடுத்தேன்.