ஆற்றோடு நின்றுபோன சட்டம்

அத்தை அன்று காலை மஞ்சக்குப்பத்தில் எங்கள் வக்கீல் ஆபீசுக்குள் நுழைந்தபோது அவளுடைய புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் விடிந்ததும் கிளம்பி, தென்பெண்ணையாற்றில் இறங்கிக் கடந்து கடலூருக்கு வந்திருந்தாள். நான் அப்போது அங்கே குமாஸ்தா. மனுக்களைத் தட்டெழுதுவது என் வேலை. மேசைக்கு எதிரே நின்று மூச்சு வாங்கியவள், "உங்க மாமாவ போலீசு இட்டுக்கினு பூட்டாங்கடா. எட்டு நாளாவுது. இன்னாத்துக்குன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல" என்றாள். அழவில்லை. என் அப்பாவின் தங்கை அவள்; அவள் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

மாமா செய்த குற்றம் என்று ஒன்று இருந்தால், அது ஏரி மதகடியில் நின்று பேசியதுதான். ஏரித் தண்ணீரை மேல்மடைக்காரர்களே பாய்ச்சிக்கொண்டார்கள். கடைமடையில் இருந்த மாமாவைப் போன்றவர்களின் பயிர் ஆண்டுதோறும் கருகியது. முறை வைத்துத் தண்ணீர் விடுங்கள் என்று ஐம்பது அறுபது பேரைக் கூட்டிக் கேட்டார். யாரும் கல் எறியவில்லை, மதகைத் தொடவில்லை. ஆனால் மேல்மடைக்காரர்களுக்குப் பெரிய இடத்தில் ஆள் இருந்தது. பொது அமைதி என்ற ஒற்றைச் சொல்லை வைத்து ஓர் உத்தரவு பிறந்தது. வழக்கில்லை, விசாரணையில்லை. இத்தனைக்கும், பிரெஞ்சுக்காரர்கள் போக வேண்டும் என்று இந்தியக் கொடியைப் பிடித்து முதுகில் தடியடி வாங்கியவர் அவர். ஐம்பத்து நான்கில் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த அன்று தெருத்தெருவாகப் போய் வெல்லம் கொடுத்தவர்.

அத்தைக்கு நம்பிக்கை கொடுத்தவன் நான். இத்தனை வயதுக்குப் பிறகும் என்னால் ஜீரணிக்க முடியாதது அதுதான். ஆபீஸ் அலமாரியில் இருந்த அரசியல் சட்டப் புத்தகத்தில் அடிப்படை உரிமைகள் பகுதியை நான் பலமுறை படித்திருந்தேன். இருபத்திரண்டு வயதில் அச்சில் வந்ததெல்லாம் நடக்கும் என்று நினைத்தேன். "காரணம் சொல்லாம ஒருத்தர அடைச்சி வைக்க முடியாது அத்தை. பேசறதுக்கும் கூடறதுக்கும் உரிமை இருக்கு. மெட்ராஸ் ஹைகோர்ட்டுல மனு போட்டா மாமாவக் கொண்டாந்து ஜட்ஜு முன்னால நிறுத்தியாவணும்" என்றேன்.

"நெசமாவா? அப்படி எழுதிக்கீதா?"

"எழுதியிருக்கு." பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். எழுத்தே தெரியாத அவள், நான் காட்டிய வரியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

வக்கீல் ஐயா என் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அத்தை போன பிறகு, "அவசரப்பட்டுட்டியேப்பா" என்றார். ஆனாலும் மனுவைத் தயார் செய்து சென்னைக்குக் கொண்டுபோனார். முதல் நாளிலேயே திரும்பி வந்துவிட்டது. புதுச்சேரியை இந்தியா நிர்வாகம் செய்கிறது; ஆனால் கைமாற்ற ஒப்பந்தத்தைப் பிரான்ஸ் இன்னும் முறைப்படி ஏற்காததால் அது இந்தியாவின் பகுதி ஆகவில்லை; ஆகவே அரசியல் சட்டம் அங்கே செல்லாது, சென்னை நீதிமன்றத்தின் கையும் அங்கே நீளாது. "ஆத்துக்கு இந்தாண்ட இருக்கற உரிமை அந்தாண்ட இல்லப்பா" என்றார் வக்கீல் ஐயா. அவர் குரலில் என்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு புதுச்சேரி நீதிமன்றத்துக்குப் போனோம். அங்கே இன்னும் பிரெஞ்சுச் சட்டமும் பிரெஞ்சுப் பேச்சும்தான். எங்களுக்காக வாதாடியவர் நல்ல மனிதர், கத்தோலிக்கத் தமிழர். கால் மணி நேரம் நடந்த அந்த விசாரணையில் அத்தை ஒரு சொல்லும் புரியாமல் நீதிபதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உத்தரவு இந்திய நிர்வாகத்தினுடையது, தலையிட இந்த மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று வாதாடியவர் வெளியே வந்து சொன்னார். "அவுங்க கோர்ட்டும் இல்ல, நம்ம கோர்ட்டும் இல்லன்னா, நாங்க யாருடா?" என்று அத்தை என்னைக் கேட்டாள்.

பிடித்துப்போன பதினோராம் மாதம் மாமாவை விட்டுவிட்டார்கள். பிடித்ததற்குக் காரணம் சொல்லாதது போலவே விட்டதற்கும் சொல்லவில்லை. வந்தவர் இருமினார், இருமலில் ரத்தம் இருந்தது. நான் பார்க்கப் போனபோது ஏரியைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அந்தப் பேச்ச வுட்டுடு" என்றார் மெதுவாக, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு. மதகடியில் ஐம்பது பேருக்குக் கேட்கும்படி பேசிய மனிதர், தன் வீட்டுக்குள் என்னிடம் கிசுகிசுத்தார். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு கூட அவர் உயிரோடு இருக்கவில்லை. கடைமடை நிலம் தரிசாகவே கிடந்தது.

இப்போது தொலைக்காட்சியில் ஒரு தீர்ப்பு வந்து, நீதிமன்றமே குடிமகனின் கடைசிப் புகலிடம் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. எந்தக் கரையில், எந்த ஆண்டில் நின்று கதவைத் தட்டினாய் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அந்த வாரம் அத்தையைப் பார்க்கப் போனேன். கொட்டகையில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கிக்கொண்டு தெருவில் கத்தியபடி போனார்கள்.

"இன்னாபா, அந்தச் சட்டம் இப்ப நம்ம ஊருக்கும் வந்துடுச்சாமே?"

"வந்துடுச்சி அத்தை."

"உங்க மாமாவ இட்டுக்கினு போனது தப்புன்னு இப்ப போயி கேட்டா சொல்லுவாங்களா?"

பதிலை நான் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். "இல்ல அத்தை. அப்ப இங்க அந்தச் சட்டம் இல்ல. அதனால அப்ப நடந்தது தப்பில்லன்னுதான் ஆவும்."

வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு அவள் அழுதாள். மாமா செத்த அன்றுகூட அழாதவள், அன்று அழுதாள்.