சத்தம் வராத வெள்ளை நம்பர்

"பச்சை நம்பர் மாட்டிக்கிட்டா பேயாட்டம் பின்னால வந்து நிப்பியா? வண்டிக்குத்தான் வாயில்ல, ஹாரன் அடிக்க உனக்குக் கைகூடவா இல்ல?"

ரோஷன் பீ கத்திய கத்தலில் கார்க்காரன் கண்ணாடியை இறக்கினான். "மூணு தடவ அடிச்சேம்மா."

"பொய் சொல்ற வாயில புழு வெக்கும், போ!" என்று வாசலை மறித்திருந்த கயிற்றைத் தூக்கினாள்.

தளி ரோட்டிலிருக்கும் கம்பெனியின் கார் நிறுத்தத்தில் அவளுக்கு வேலை. புருஷன் செத்தபின் சேர்ந்தது. எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். பச்சை நம்பர் கரண்டு வண்டி, இடது பக்கம் சார்ஜ் போடும் கொட்டகைக்கு. வெள்ளை பெட்ரோல், டீசல், வலது பக்கம். மஞ்சள் வாடகை வண்டி, ஆளை இறக்கிவிட்டு வெளியே. அதற்கு மேல் படிப்பு எதற்கு?

முன்பெல்லாம் உறுமல் கேட்டதும் எழுந்து கயிற்றைப் பிடிப்பாள். பச்சை பெருகப் பெருக ரோடே அடங்கிப்போனது. வெள்ளை வண்டிகள்கூட முனகத்தான் செய்தன. புது மாடல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

டிசம்பரில் ஒரு நாள் காலை. எதிரில் நிற்கும் ஆள் தெரியாத பனி. அதற்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் மிதந்து வந்தன. சத்தமே இல்லை. பச்சைதான் என்று இடது பக்கம் கை காட்டியவள் நம்பரைப் பார்த்தாள். வெள்ளை.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தமில்லாமல் வரும் வெள்ளை நம்பரை மனுஷன் ஓட்டுவானா? யா அல்லா என்றாள். பின்னாலேயே மஞ்சள் நம்பர் கம்பெனி பஸ் வந்தது. காலடியில் தரை அதிர்ந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. இறங்கியவர்கள் வாயை வாயை அசைத்தார்கள், பிணங்கள் பேசிக்கொள்வதுபோல.

கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து மூச்சு முட்ட ஊதினாள். ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஜோதிமணி துடைப்பத்தைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

ரோஷன் பீக்கு அப்போதுதான் புரிந்தது. பேய் வண்டி என்று நினைத்தபோதுகூட அப்படி நடுங்கவில்லை.

ஜோதிமணி ஓடிவந்து அவள் வலது காதில் வாயை வைத்தாள். கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல் லேசாகக் கேட்டது: "வண்டிக்கு ஒண்ணுமில்லக்கா! உனக்குத்தான் காது போயிருச்சு!"

"கத்தாதடி, சண்டாளி! சூப்பர்வைசருக்குக் கேட்டா நாளைக்கே என்னைய வீட்டுக்கு அனுப்பிருவான். அப்புறம் நீயா சோறு போடுவ?"

வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறி கிருஷ்ணகிரிக்குப் போனாள். டாக்டர் பார்த்தார். இரண்டு காதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிருக்கிறது, வலது காதில் மிச்சம் இருக்கிறது, மிஷின் வைத்தால் கேட்கும் என்று எழுதிக் காட்டினார். அவள் பார்த்த பார்வையில் பேப்பரை வைத்துவிட்டு, காதருகே வந்து கத்திச் சொன்னார்.

மறுநாள் முக்காட்டுக்குள் மிஷினை மறைத்துக்கொண்டு கயிற்றருகே நின்றாள். பனிக்குள் வெள்ளை வருவதற்கு முன்பே அதன் உறுமல் வந்தது. அடுத்தது பச்சை: ஜல்லியை டயர் நொறுக்கும் சத்தம், அதற்குமேல் அவளுடைய மூச்சு, யாரோ தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவதுபோல. திரும்பிப் பார்க்காமல் கயிற்றைத் தூக்கினாள்.

ஒரு காதுக்குத்தான் வாங்கினாள். பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.